குழாயடிச் சண்டையும் சிபியு கணக்கும்

மக்களே, இது முழுக்க முழுக்க பொட்டி தட்டுற ஆளுங்களுக்கான பதிவு. சினிமா விமர்சனம், சமையல் குறிப்புன்னு எதிர்பார்த்து வந்தவங்க மன்னிச்சுக்கோங்க. ஆனா கடைசியில ஒரு மன்னிப்புக் கதையும் இருக்கு, அதுக்காகவாச்சும் கொஞ்சம் பொறுமையா இருங்க.

டிஸ்கி: கமாண்டு பேரெல்லாம் தமிழ் எழுத்துலயே எழுதியிருக்கேன். வாய்விட்டுப் படிச்சா புரிஞ்சிடும். பக்கத்து சீட்டுக்காரர் ஒரு மாதிரி பார்த்தா நான் பொறுப்பில்லை.

போன மாசம் வீடு மாத்தும்போது பரண்ல இருந்து ஒரு பழைய ஹார்ட் டிஸ்க் விழுந்துச்சு. கேபிள் தேடிப் பிடிச்சு மாட்டிப் பார்த்தா, ஆச்சரியம், உயிரோட இருக்கு. உள்ள 2008-ல நான் எழுதின ஒரு ஷெல் ஸ்கிரிப்ட். அதோட அவுட்புட் ஃபைலும் இருக்கு, பதினோரு வரி நம்பர். அதுல நாலாவது வரியையும் ஏழாவது வரியையும் பார்த்ததும் எனக்கு வயித்தைப் புரட்டிடுச்சு. ஏன்னு சொல்றேன். கொசுவத்தியை நல்லா சுத்திக்கோங்க.

அப்போ ஒரு சின்ன கம்பெனியில ஆணி புடுங்கிட்டு இருந்தேன். வாடிக்கையாளரோட சோலாரிஸ் 10 மெஷின்ல ராத்திரி ஒரு மணிக்கு மேல எங்களோட பதினோரு ஸ்கிரிப்ட் வரிசையா ஓடும். மலை மாதிரி குவிஞ்சு கிடக்கிற லாக் ஃபைலை மென்னு துப்பி, காலையில எட்டு மணிக்கு ரிப்போர்ட் வைக்கணும். அதே மெஷின்ல இன்னொரு டீமோட டேட்டாபேஸும் குடியிருந்துச்சு. ஒண்டுக் குடித்தனம்னா சண்டை வராம இருக்குமா? "நீங்க ராத்திரியில சிபியுவை முழுசா தின்னுடுறீங்க, எங்க வேலை நகரவே மாட்டேங்குது"ன்னு அவங்க புகார் மேல புகார். எங்க மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "பதினொண்ணுல எது தின்னுதுன்னு கண்டுபிடி, அதை சரி பண்ணிடலாம்"னார். டீம்ல சீனியர் நான்தான். ரெண்டு நாள்ல முடிச்சுடலாம்னு தெனாவெட்டா தலையாட்டினேன்.

சிபியு நேரம்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு ஒரு நிமிஷம். ஓட்டல்ல தோசை ஆர்டர் பண்றீங்க. இலைக்கு வந்து சேர இருபது நிமிஷம். இது கடிகார நேரம், டைம் கமாண்டு இதைத்தான் ரியல்னு காட்டும். ஆனா இருபது நிமிஷமும் மாஸ்டர் உங்க தோசையையேவா பார்த்துக்கிட்டு இருந்தார்? கல்லு முன்னாடி நின்னு உங்களுக்காக கையை ஆட்டினது மூணே நிமிஷம். அது யூசர். உங்க தோசைக்காக மாவு கேட்டு, எண்ணெய் கேட்டு, ஸ்டோர் ரூம் ஆளு ஓடினது ஒரு நிமிஷம். அது சிஸ், அதாவது நம்ம புராசஸ் சார்பா கெர்னல் செஞ்ச வேலை. மிச்ச பதினாறு நிமிஷம் அடுத்தவன் தோசைக்கும், கேஸ் சிலிண்டர் மாத்துறதுக்கும் போச்சு. மாஸ்டர் உழைச்ச நேரம் எவ்வளவுன்னு கேட்டா யூசரையும் சிஸ்ஸையும் கூட்டணும். ரியலை இதுல சேர்க்கவே கூடாது. ரெண்டு கல்லு, ரெண்டு மாஸ்டர்னா உழைச்ச நேரம் கடிகார நேரத்தை விட ஜாஸ்தியாக் கூட வரும். நாலு கோர் மெஷின்ல ரியல் 10, யூசர் 38-ன்னு பார்த்து பயந்துடாதீங்க, அது சரியான கணக்குதான்.

இந்தக் கணக்கு ரொம்பப் பழசு. ஆரம்பகால யூனிக்ஸ் ஓடின பிடிபி-11 மெஷின்ல கடிகாரத் துடிப்பே கரண்டு லைன்ல இருந்துதான் வந்துச்சு. அமெரிக்கால மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், அதனால நேரத்தையே விநாடியில அறுபதுல ஒரு பங்கா எண்ணினாங்க. நம்ம ஊரு மாதிரி 50 ஹெர்ட்ஸ் ஊர்ல அதே மெஷினை வச்சா ஐம்பதுல ஒரு பங்கு. ஒவ்வொரு துடிப்புக்கும் கெர்னல் முழிச்சுப் பார்க்கும், அந்த நொடியில யார் ஓடிக்கிட்டு இருக்கானோ அவன் கணக்குல ஒரு துடிப்பை எழுதிடும். வாத்தியார் வர்ற நேரத்துல மட்டும் நல்ல பிள்ளையா உக்கார்ந்தா ஆப்சென்ட் விழாது பாருங்க, அந்த மாதிரி இதையும் ஏமாத்தலாம். துடிப்புக்கு சரியா முன்னாடி தூங்கிப் போற புரோகிராம் மெஷினையே தின்னாலும் கணக்குல பூஜ்யம்தான் வரும். 2007-ல யூசெனிக்ஸ் மாநாட்டுல இதை ஒரு ஆராய்ச்சிக் கட்டுரையாவே போட்டாங்க. இன்னிக்கு லினக்ஸ் மொத்த ஓட்ட நேரத்தை நேனோ விநாடி வரைக்கும் தனியா எண்ணி வச்சுக்குது, யூசர் சிஸ் பிரிப்பை அந்த மொத்தத்துக்குத் தகுந்த மாதிரி சரி பண்ணிக்குது. அந்த ஓட்டை பெரும்பாலும் அடைச்சாச்சு.

சரி, கதைக்கு வருவோம்.

நான் பண்ணது ரொம்ப சிம்பிள். பதினோரு ஸ்கிரிப்ட்லயும் மெயின் வேலை செய்யிற வரிக்கு முன்னாடி டைம், ஹைஃபன் பி-ன்னு சொருகினேன். ஹைஃபன் பி போட்டா போசிக்ஸ் தரத்துல சொன்னபடி ரியல், யூசர், சிஸ்னு மூணு வரி சுத்தமா வரும். ஒரு ராத்திரி ஓட விட்டேன். காலையில அவுட்புட்.

நாலாவது ஸ்கிரிப்ட் நான் எழுதினது. ரியல் 52.3, யூசர் 0.1, சிஸ் 1.9. ஏழாவது, எங்க டீம்ல புதுசா சேர்ந்த ஒரு பொண்ணு எழுதினது. ரியல் 43.0, யூசர் 41.2, சிஸ் 0.8. மத்த ஒன்பதும் அஞ்சு விநாடியைத் தாண்டல. ரெண்டும் ஏறக்குறைய ஒரே சைஸ் லாக்கைப் படிக்குது, ஏறக்குறைய ஒரே வேலை. ராத்திரி முழுக்க மணிக்கு நாலு தடவை ஓடும்.

குற்றவாளி சிக்கியாச்சு! ஒரு எக்செல் ஷீட், கலர் கலரா பார் சார்ட். மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் போட்டுக் காட்டினேன். என்னோடது ரெண்டு விநாடி, அந்தப் பொண்ணோடது நாப்பத்திரண்டு. "இருபத்தியோரு மடங்கு"ன்னு ரெண்டு தடவை வேற அழுத்திச் சொன்னேன். நினைச்சா இப்பவும் காது சூடாகுது.

அந்தப் பொண்ணு மெதுவா, "சார், டாப் போட்டுப் பார்த்தா அப்படித் தெரியலையே சார். உங்க ஸ்கிரிப்ட் ஓடும்போதுதான் மெஷின் ரொம்ப பிசியா இருக்கு"ன்னாங்க. நான் ஒரு சிரிப்பு சிரிச்சுட்டு, "ஏம்மா, டாப்ங்கிறது அப்பப்போ எட்டிப் பார்க்கிறது. இது கணக்கு. கணக்கு பொய் சொல்லாது"ன்னேன். ரியல் 52 இருக்கே, யூசர் பத்துல ஒண்ணுதானே, மிச்ச நேரம் என்ன பண்ணுச்சுன்னு ஒருத்தர் கேட்டார். "டிஸ்க்குக்காக காத்திருக்கு"ன்னு அடிச்சு விட்டேன். நான் சோதிச்செல்லாம் பார்க்கல. மேதாவிங்களுக்கு சோதனை எதுக்கு?

அப்புறம் ரெண்டு சனிக்கிழமை அந்தப் பொண்ணு ஆபீஸ் வந்து அந்த ஸ்கிரிப்ட்டை திருப்பி எழுதினாங்க. 41 விநாடி 35 ஆச்சு. புகார் நிக்கல. அந்த வருஷ அப்ரைசல்ல அவங்க ரேட்டிங் ஒரு படி இறங்குச்சு. காரணம்னு எழுதின பத்தியில அந்த இருபத்தியோரு மடங்கும் இருந்துச்சுன்னு மேனேஜரே என்கிட்ட சொன்னார். கொஞ்ச நாள்ல அவங்க வேற கம்பெனிக்குப் போயிட்டாங்க.

2010-ல வாடிக்கையாளர் சோலாரிஸை ஓரம் கட்டிட்டு லினக்ஸுக்கு மாறினார். அங்க இருந்த அட்மின் எல்லா ஸ்கிரிப்ட்லயும் முதல் வரியில இருந்த எஸ்ஹெச்சை பாஷ்னு மாத்தி வச்சிருந்தார். பழைய டைம் வரி அப்படியே உள்ள கிடந்துச்சு. முதல் ராத்திரி ஓடின லாக்கைப் பார்க்கிறேன். ஏழாவது ஸ்கிரிப்ட், புது மெஷின் வேகத்துக்கு 22 விநாடி. நாலாவது, என்னோடது, யூசரும் சிஸ்ஸும் சேர்த்து 54.

லினக்ஸ்ல ஏதோ கோளாறுன்னுதான் முதல்ல நினைச்சேன் (நம்ம மேல தப்பு இருக்கும்னு மனசு எப்ப ஒத்துக்கிட்டிருக்கு?). அரை நாள் மண்டையைப் பிச்சுக்கிட்டு, கடைசியில பாஷ்ல டைப் டைம்னு அடிச்சேன். டைம் ஒரு ஷெல் கீவேர்ட்னு பதில் வந்துச்சு. பழைய சோலாரிஸ் மெஷின்ல, அந்த எஸ்ஹெச்ல அதையே அடிச்சேன். ஸ்லாஷ் யூஎஸ்ஆர் ஸ்லாஷ் பின் ஸ்லாஷ் டைம்னு பதில். உச்சந்தலையில யாரோ ஐஸ் கட்டி வச்ச மாதிரி இருந்துச்சு.

விஷயம் என்னன்னா, என் ஸ்கிரிப்ட் ஒரு நீளமான பைப். கேட், அதுல இருந்து கிரெப், அதுல இருந்து செட், அப்புறம் சார்ட், அப்புறம் ஆக். பாஷ், கார்ன் ஷெல், இசட் ஷெல்லுக்கெல்லாம் டைம்ங்கிறது மொழியோட ஒரு பகுதி, அதனால பைப் முழுசையும் அளக்கும். பழைய போர்ன் ஷெல்லுக்கு அது என்னன்னே தெரியாது. அதுக்கு டைம்ங்கிறது வெளியில கிடக்கிற சாதாரண புரோகிராம். அதனால டைம் கேட்ங்கிறது பைப்போட முதல் கண்ணி, அவ்வளவுதான். அளந்தது கேட்டை மட்டும். ஃபைலை எடுத்து பைப்ல ஊத்துறதைத் தவிர எந்த வேலையும் செய்யாத கேட்! வேலையெல்லாம் செஞ்ச மத்த நாலு பேரும் கணக்குலயே வரல. அந்தப் பொண்ணோட ஸ்கிரிப்ட் பைப்பே இல்லாம ஒரே ஆக். அதனால அவங்க உழைப்பு கடைசிச் சொட்டு வரைக்கும் கணக்குல வந்துடுச்சு. சுத்தமா எழுதினதுக்குக் கிடைச்ச தண்டனை.

ரியல் 52 விநாடிக்கும் அப்பதான் அர்த்தம் புரிஞ்சுது. பைப்புக்குன்னு ஒரு கொள்ளளவு இருக்கு, லினக்ஸ்ல சாதாரணமா 65,536 பைட்டு. அது நிரம்பிட்டா எழுதுறவன் காத்திருக்கணும், படிக்கிறவன் குடிச்சு முடிச்சாதான் அடுத்த குடம். என் கேட் டிஸ்க்குக்காகக் காத்திருக்கவே இல்ல. அடுத்து நின்ன கிரெப்பும் செட்டும் தின்னு முடிக்கட்டும்னு குழாயடியில குடத்தோட நின்னுக்கிட்டு இருந்துச்சு. பதில் என் கண்ணு முன்னாடியே இருந்துச்சு, நான்தான் டிஸ்க்குன்னு கதை விட்டேன்.

என் ஸ்கிரிப்ட்டை அன்னிக்கே ஒரே ஆக்கா மாத்தினேன். அந்தப் பொண்ணோட ஸ்கிரிப்ட்டைப் பார்த்துத்தான். இருபது விநாடிக்கு வந்துடுச்சு. மேனேஜர்கிட்ட "ஆப்டிமைஸ் பண்ணிட்டேன்"னு சொன்னேன், பாராட்டினார். 2008-ல போட்ட பார் சார்ட் தப்புன்னு அவர்கிட்ட சொல்லல. வேற கம்பெனிக்குப் போன அந்தப் பொண்ணுகிட்டயும் சொல்லல. நம்பர் என்கிட்ட இருந்துச்சு. "இப்ப போயி எதுக்கு"ன்னு தள்ளிப் போட்டேன், அவ்வளவுதான். அந்த "இப்ப" பல வருஷம் நீண்டு போச்சு.

ஹார்ட் டிஸ்க் விழுந்த அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல. இந்த தடவை சொல்லிடணும்னு முடிவு பண்ணேன். வெறும் மன்னிப்பு மட்டும் கேட்டா நல்லா இருக்காதே, எந்த யூனிக்ஸ்ல போட்டாலும் ஒரே மாதிரி அளக்கிற ஸ்கிரிப்ட் ஒண்ணு எழுதி அதையும் சேர்த்து அனுப்பலாம்னு உக்கார்ந்தேன். ஒரு மணி நேர வேலைன்னு நினைச்சேன். மூணு நாள் போச்சு.

முதல்ல டைம் கமாண்டையே ஒழுங்கா பயன்படுத்தலாம்னு பார்த்தேன். பைப் முழுசையும் எஸ்ஹெச் ஹைஃபன் சி-க்குள்ள மேற்கோள் போட்டு அடைச்சு, அதுக்கு வெளியில டைம் போட்டா, எந்த டைமா இருந்தாலும் முழுக் குடும்பத்தையும் அளக்கும். நல்ல ஐடியாதான். ஆனா ஹைஃபன் பி-யை இசட் ஷெல் கீவேர்ட் புரிஞ்சுக்காது, ஹைஃபன் பி-ங்கிற பேர்ல ஒரு கமாண்டைத் தேடிட்டு கிடைக்கலைன்னு கத்தும். முன்னாடி கமாண்ட்னு ஒரு வார்த்தை சேர்த்து, கமாண்ட் டைம்னு எழுதினா கீவேர்டை விட்டுட்டு வெளியில இருக்கிற புரோகிராமைத் தேடும். சரி, அந்தப் புரோகிராம் இருக்கணுமே? டெபியன்ல அது தனிப் பொட்டலம், சின்ன கன்டெய்னர் இமேஜ்ல எல்லாம் இருக்காது. டெபியன்ல எஸ்ஹெச்னா டாஷ், உபுண்டுவுல 2006-ல வந்த 6.10-ல இருந்தே அப்படித்தான். டாஷ்ல டைம் கீவேர்டும் கிடையாது. உள்ளயும் இல்ல, வெளியயும் இல்ல. "டைம்: காணோம்"னு வரும்போது வடிவேலு மாதிரி அவ்வ்வ்வ்னு அழத்தான் தோணும்.

அப்புறம் இந்த டைம் கீவேர்ட் தன் பதிலை ஸ்டாண்டர்ட் எரர்ல துப்பும். அதை ஃபைலுக்குத் திருப்புறேன்னு வரி கடைசியில 2 போட்டு அம்புக்குறி போட்டீங்கன்னா, திரும்புறது உள்ள ஓடுற கமாண்டோட எரர்தான், டைமோட பதில் இல்ல. மொத்தத்தையும் நெளிவு அடைப்புக்குள்ள போட்டு, அடைப்புக்கு வெளியிலதான் அம்புக்குறி போடணும். இதுல ஒரு முறையாச்சும் விழாதவங்க கையைத் தூக்குங்க பார்ப்போம்.

சுத்தி வந்து கடைசியில போய் நின்னது டைம்ஸ்ங்கிற கமாண்டுல. டைம் இல்லீங்க, கூட ஒரு ஸ். போசிக்ஸ் தரப்படி இது ஷெல்லுக்குள்ளயே இருந்தாகணும். டாஷ்ல இருக்கு, பாஷ்ல இருக்கு, கார்ன்ல இருக்கு, இசட்ல இருக்கு. அடிச்சா ரெண்டு வரி வரும், வரிக்கு ரெண்டு நம்பர். முதல் வரி இந்த ஷெல்லே செலவழிச்ச யூசர், சிஸ். ரெண்டாவது வரி இந்த ஷெல் பெத்த பிள்ளைங்க செலவழிச்சது. புதுசா ஒரு எஸ்ஹெச் திறந்து, உள்ள வேலையை விட்டு, முடிஞ்சதும் டைம்ஸ் அடிச்சா கணக்கு கையில. வேலை நடுவுல எக்ஸிட் அடிச்சு ஓடிட்டா? டிராப் போட்டு, எக்ஸிட் ஆகும்போது டைம்ஸ் ஓடுன்னு முதல்லயே சொல்லி வச்சுடணும்.

பிள்ளைங்க வரியை மட்டும் எடுத்தா போதும்னுதான் நினைச்சேன். அங்கயும் ஒரு ஆப்பு. பைப்போட கடைசிக் கண்ணியில ஒரு வொயில் லூப் இருக்குன்னு வைங்க. பாஷும் டாஷும் அதைத் தனிப் பிள்ளையா பெத்து ஓட விடும், ரெண்டாவது வரியில சேரும். கார்ன் ஷெல்லும் இசட் ஷெல்லும் அந்தக் கடைசிக் கண்ணியைத் தானே ஓட்டும், முதல் வரியில சேரும். அதனால நாலு நம்பரையும் கூட்டிடுறதுதான் நல்லது. ஷெல் தொடங்கின செலவு துளியூண்டு சேரும், சேரட்டும்.

நம்பரைப் பிரிக்கிறதும் ஒரு கூத்து. 1, எம், 3.42, எஸ்-னு நிமிஷமும் விநாடியும் ஒட்டிக்கிட்டு வரும். பாஷ் மூணு தசமம் போடும், டாஷ் ஆறு போடும். ஆக்ல எம்-மை வச்சு வெட்டி, முதல் பாதியை அறுபதால பெருக்கி, ரெண்டாம் பாதியைக் கூட்டினா போதும். பின்னாடி ஒட்டியிருக்கிற எஸ்-ஸை ஆக் தானே கண்டுக்காம விட்டுடும். ஆனா ஜெர்மன் லோக்கேல் வச்ச மெஷின்ல பாஷ் புள்ளிக்குப் பதிலா கமா போடும், 3.42 விநாடி 3 விநாடியா சுருங்கிடும். அதனால எல்சி ஆல் சமம் சி-ன்னு முதல் வரியிலயே போட்டு வச்சேன்.

டைம்ஸ்கிட்ட எண்ண முடியாததும் உண்டு. பிள்ளை செத்து, அப்பன் வெயிட் பண்ணி காரியம் முடிச்சாத்தான் பிள்ளையோட கணக்கு அப்பன் பேர்ல ஏறும். பின்னணியில ஒரு வேலையை விட்டுட்டு வெயிட் போடாம டைம்ஸ் அடிச்சா அது வராது. டீமனாகி வீட்டை விட்டு ஓடிப் போன பிள்ளையோட கணக்கு எப்பவுமே வராது. டேட்டாபேஸ்கிட்ட கேள்வி கேக்குற ஸ்கிரிப்ட்னா இன்னும் மோசம். கேள்வி கேட்டவனுக்கு 0.02 விநாடி, பக்கத்துல பதில் தேடி வேர்த்து விறுவிறுத்தவன் வேற குடும்பம். இதையெல்லாம் எந்த ஷெல் கமாண்டும் சரி பண்ணித் தராது.

ஓடிக்கிட்டு இருக்கிற ஒரு புராசஸை நடுவுல அளக்கணும்னா பி.எஸ். ஹைஃபன் ஓ டைம். அது போசிக்ஸ்ல நாள், மணி, நிமிஷம், விநாடின்னு வரும், விநாடிக்குக் கீழ கிடையாது. மேக்ல நிமிஷம், விநாடி, அதுக்கப்புறம் நூறுல ஒரு பங்குன்னு வரும். வலது பக்கத்துல இருந்து ஆரம்பிச்சு ஒண்ணு, அறுபது, 3600, 86,400-ன்னு பெருக்கிக்கிட்டே வந்தா ரெண்டுக்கும் ஒரே கணக்கு சரிப்படும். இதை நான்தான் கண்டுபிடிச்சேன்னு பெருமைப்பட்டுக்கலாமா? ஹி ஹி. லினக்ஸ்ல பி.எஸ். காட்டுற சிபியு சதவீதத்தை மட்டும் நம்பிடாதீங்க. அது பிறந்ததுல இருந்து இன்னிக்கு வரைக்குமான சராசரி. ஒரு வாரம் தூங்கிட்டு இப்ப முழு வேகத்துல சுத்துறவனும் அதுல சாதுவாத்தான் தெரிவான்.

லினக்ஸ் மட்டும்னா ப்ராக் அடியில ஸ்டாட் ஃபைல் இருக்கு. 14-வது புலம் யூசர், 15-வது சிஸ், கெட்கான்ஃப்கிட்ட சிஎல்கே டிசிகே எவ்வளவுன்னு கேட்டா 100-ன்னு சொல்லும், அதால வகுக்கணும். இதுலயும் ஒருத்தன் குழி தோண்டி வச்சிருக்கான். ரெண்டாவது புலம் அடைப்புக்குறிக்குள்ள புரோகிராம் பேரு. பேருக்குள்ள இடைவெளி இருந்துட்டா ஆக்கோட 14-வது புலம் வேற எதையோ காட்டும். கடைசி அடைப்புக்குறி வரைக்கும் வெட்டித் தூக்கிப் போட்டுட்டு மிச்சத்துல 12, 13 எண்ணணும். மேக்ல ப்ராக்கே கிடையாது, அதனால நான் இந்த வழியையே எடுக்கல.

மூணாவது நாள் ராத்திரி ஸ்கிரிப்ட் தயார். டாஷ், பாஷ், கார்ன், இசட் நாலுலயும் ஓட்டினேன், மேக்லயும் லினக்ஸ்லயும். லாக் மாதிரி இருபது லட்சம் வரி பொய்யா உருவாக்கி, என் பழைய அஞ்சு கண்ணி பைப்பை ஞாபகத்துல இருந்து எழுதி, ஒரே ஆக்கையும் எழுதி, ரெண்டையும் அளந்தேன். எட்டுலயும் பைப்புக்குத்தான் ஜாஸ்தி, ரெண்டு மடங்குக்கு மேல.

அப்புறம் மெயில். அதுதான் ஸ்கிரிப்டை விட கஷ்டமா இருந்துச்சு. ஏழெட்டு தடவை எழுதி அழிச்சேன். கடைசியில சுத்தி வளைக்காம, 2008 மீட்டிங்ல நான் காட்டினது தப்பு, உங்க ஸ்கிரிப்ட்தான் நல்ல ஸ்கிரிப்ட், 2010-லயே எனக்குத் தெரியும், சொல்லாம இருந்தது அதை விடப் பெரிய தப்பு, மன்னிச்சுக்கோங்கன்னு எழுதினேன். பழைய அவுட்புட்டோட நாலாவது, ஏழாவது வரியை ஒட்டினேன். புது ஸ்கிரிப்டை இணைச்சேன். அனுப்புறதுக்கு முன்னாடி கடைசி நிமிஷத்துல, தற்காலிக ஃபைல் ஒண்ணு நடுவுல அசிங்கமா இருக்கேன்னு அதைத் தூக்கிட்டு, டைம்ஸோட பதிலை நேரா ஆக்குக்குள்ள பைப் பண்ணி அழகு படுத்தினேன். ஒரு வரி மிச்சம். ஓட்டிப் பார்க்கல.

இப்ப அவங்க ஒரு பெரிய டீமையே நடத்துறாங்களாம். நாலு நாள் பதில் இல்ல. திட்டியாச்சும் எழுதுவாங்களான்னு மணிக்கு ஒரு தடவை இன்பாக்ஸைப் பார்த்துக்கிட்டே இருந்தேன். அஞ்சாவது நாள் வந்துச்சு.

"சார், மெயில் பார்த்தேன். அப்ரைசல் எல்லாம் மறந்து போச்சு. அந்த ரெண்டு சனிக்கிழமை மட்டும் நல்லா ஞாபகம் இருக்கு, ஒரு நாள் எங்க அக்கா நிச்சயதார்த்தம். சொன்னதுக்கு தேங்க்ஸ்.

உங்க ஸ்கிரிப்ட் ஓட்டிப் பார்த்தேன், எல்லாத்துக்கும் பூஜ்யம் வருது. 23-வது வரியில டைம்ஸை பைப்ல போட்டிருக்கீங்க. பைப்ல போட்டா அதுக்குன்னு ஷெல் புதுசா ஒரு பிள்ளையைப் பெக்கும், புதுப் பிள்ளையோட கணக்கு பூஜ்யத்துல இருந்துதானே சார் ஆரம்பிக்கும்? ஃபைல்லயே எழுதுங்க. மறுபடியும் அதே குழாய்தான் சார்."

நிச்சயதார்த்தம் விஷயம் எனக்கு அன்னிக்கு தெரியாது. கேக்கவும் இல்ல.

23-வது வரியை மாத்திட்டேன். தற்காலிக ஃபைல் திரும்ப வந்துடுச்சு. நாலு ஷெல்லுலயும் திருப்பி ஓட்டி, நம்பரைப் பார்த்துட்டுத்தான் அவங்களுக்கு அனுப்பினேன். "இப்ப சரி"ன்னு ரெண்டு வார்த்தையில பதில் வந்துச்சு.